சொந்தமாகக் கட்டுவோர் சங்கம்

என்னை யாரும் சுலபத்தில் ஏமாற்றிவிட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்குத்தான் சம்பளமே வாங்குகிறேன். நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர் வேலை. ஏறியதும் டிக்கெட்டைப் பார்க்க மாட்டேன், முகத்தைத்தான் பார்ப்பேன். அதுவரை தூங்கி வழிந்தவன் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசிப்பான். ஒருத்தி எதிர்முனையில் ஆளே இல்லாத போனில் "ஆங், சொல்லு சொல்லு" என்பாள். இன்னொருவன் சட்டைப் பையைத் தடவி, பேன்ட் பையைத் தடவி, "இங்கதான் சார் வெச்சேன்" என்பான். எல்லாம் பார்த்து அலுத்தாயிற்று. அப்பேர்ப்பட்ட என்னை ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போன இடத்தில் படாத பாடு படுத்திவிட்டார்கள்.

இந்த வயதில் உனக்கெதற்கு கேம் ஆடும் கம்ப்யூட்டர் என்று கேட்பீர்கள். என் மகளுக்காக. அவளும் அவள் அம்மாவும் வேறு ஊரில் இருக்கிறார்கள். எங்களுக்குள் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம், அந்தக் கதை இங்கே வேண்டாம். போனில் கூப்பிட்டால் மகள் "ம்", "இல்ல", "சரிப்பா" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய கப்பல் விளையாட்டை ஆடுவோம். ஒரு துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்க வேண்டும். கப்பல் ஆமை வேகத்தில் போகும். போகிற வழியெல்லாம் பேசலாம். அவள் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசுவது வாரத்தில் அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "அப்பா, நாங்கல்லாம் புது கேமுக்கு மாறிட்டோம். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதுலதான் இருக்காங்க. அது உங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுப்பா."

"ஏன் ஓடாது?"

"ஓடாதுப்பா. அதுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். வாங்கினா சொல்லுங்க, சேர்ந்து விளையாடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "இங்கதான் சார் வெச்சேன்" என்கிற அதே குரல். நிஜமாகவே ஓடாதா, இல்லை அப்பனைக் கழற்றிவிட இது ஒரு சாக்கா? கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டால் தெரிந்துவிடும். மட்டமாக ஒன்றை வாங்கி அதிலும் ஓடாமல் போனால், சாக்கு சாக்காகவே நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். என் வசதிக்கு ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். அதனால் தப்பே பண்ணக் கூடாது என்று கிளம்பினேன்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்குகள் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி எரிந்தன. திரையில் யாரோ யாரையோ துரத்தினார்கள். டை கட்டி, முடியைப் படிய வாரி, கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்ட ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெடிமேடா எடுத்துக்குங்க சார். வீட்டுக்குப் போறீங்க, பிளக்கைச் சொருகறீங்க, விளையாடறீங்க. சில பேர் பாகம் பாகமா வாங்கி நானே கட்டறேன்னு கிளம்பறாங்க. வேண்டவே வேண்டாம் சார். உங்க உடம்புல இருக்கற கரண்டே போதும், தொட்ட உடனே மதர்போர்டு செத்துடும்."

"என் உடம்புல கரண்டா?"

"எல்லார் உடம்புலயும் இருக்கு சார். நாங்க பயிற்சி எடுத்தவங்க."

உள்ளே என்ன இருக்கிறது, திறந்து காட்டுங்கள் என்றேன். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். 'பிரித்தால் உத்தரவாதம் செல்லாது.' பையைத் திறந்து காட்டு என்றால் திறக்க மாட்டேன் என்கிற பயணியை நான் என்ன செய்வேனோ, அதை இவரிடம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. சரி, பவர் சப்ளை எந்த கம்பெனி என்று கேட்டேன். எங்கள் டிப்போவில் ஒரு கண்டக்டர் சொல்லிக்கொடுத்திருந்தான்: சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான், அது மட்டமாக இருந்தால் மொத்தமும் குட்டிச்சுவர், அதை மட்டும் கேட்காமல் வாங்காதே என்று.

"ஸ்டாண்டர்டு சார்."

"ஸ்டாண்டர்டுன்னா?"

"நல்ல ஸ்டாண்டர்டு சார்."

அவர் பார்வை என்னை விட்டுத் தெருவுக்குப் போனது. எதிர்க்கடையில் திடீரென்று அவருக்கு ஏதோ அழகாகத் தெரிந்தது. நான் அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

அதே கண்டக்டர்தான் சங்கத்தைப் பற்றியும் சொன்னான். சொந்தமாகக் கட்டுவோர் சங்கம். ரெடிமேடை ஒழிப்பதற்கென்றே இருக்கிறார்களாம், ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்களாம். காசு வாங்க மாட்டார்கள் என்றதும் எனக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. ஆனாலும் போனேன்.

சங்கம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில் கூடும். வாசலில் வரிசை நின்றது. எதற்கென்று எட்டிப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்து, கண்ணை மூடிச் சற்று நின்று, பிறகுதான் உள்ளே போகிறார்கள்.

"உடம்புல இருக்கற கரண்டை இறக்கறோம்," என்றார் எனக்கு முன்னால் நின்றவர். "இரும்பைத் தொட்டா இறங்கிடும். பாகத்தைத் தொடறதுக்கு முன்னாடி இது கட்டாயம்."

"இப்ப உள்ள போய் பாகம் ஏதாவது தொடப் போறோமா?"

"இல்ல. ஆனா பழக்கம் விட்டுப் போயிடக் கூடாது பாருங்க."

உள்ளே சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். 'முந்தாதே' என்ற படத்துக்குக் கீழே தலைவர் உட்கார்ந்திருந்தார். அரைக்கால் சட்டை, வெளுத்த டீ ஷர்ட், புருவம் வரைக்கும் இழுத்துவிட்ட தொப்பி. குரலை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் பஸ்ஸில் என்னிடம் எத்தனையோ பேர் கத்துகிறார்கள், எல்லாக் குரலையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? எல்லாரும் எழுந்து உறுதிமொழி எடுத்தார்கள். ரெடிமேட் வாங்க மாட்டேன். வாங்கியவரைக் கண்டால் கோபப்பட மாட்டேன், பரிதாபப்படுவேன். என் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியை என்றைக்கும் முழுசாக மூட மாட்டேன். நானும் வாயசைத்தேன். தலைவர் பேச எழுந்தார்.

"நண்பர்களே! ரெடிமேட்ங்கறது என்ன? அடிமைத்தனம்! உள்ள என்ன இருக்குன்னே தெரியாம ஒருத்தன் ஒரு பெட்டியை வாங்கறான். பிளக்கைச் சொருகறான். விளையாடறான். சந்தோஷமா இருக்கான். இதைவிடக் கேவலம் உண்டா? நான் கட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு நாள்கூட நிம்மதியா இருந்ததில்ல. ஏதாவது ஒரு ஸ்க்ரூ மிச்சமாயிட்டே இருக்கும். அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சு நெனச்சு தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு, மாமனார் வீட்டுல மரியாதை போச்சு. அதுதாங்க சுதந்திரம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. டீ கொடுத்தார்கள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். பிறகு என்னைத் தேவை விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்று பேர், மூன்று பேருக்கும் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"எத்தனை ஃப்ரேம் வேணும் உங்களுக்கு?"

"ஃப்ரேம்னா?"

"ஒரு செகண்டுக்கு திரையில எத்தனை படம் மாறணும்? குறைஞ்சா திக்கித் திக்கி ஓடும்."

"அதெல்லாம் தெரியாதுங்க. எனக்கு என் பொண்ணோட பேசணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் அன்பாகச் சொன்னார்: "அது சாஃப்ட்வேர் பிரச்சினைங்க. நாங்க ஹார்டுவேர் மட்டும்தான் பாக்கறோம்."

என் தேவையை 'நடுத்தரம், உணர்ச்சிவசப்பட்டது' என்று வகைப்படுத்தி, மூத்த உறுப்பினர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவருக்கு அங்கே 'அடுத்தமாசம்' என்றுதான் பெயர். நல்ல மனிதர். என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"எதையும் இப்ப வாங்கிடாதீங்க. அடுத்த மாசம் புது கிராபிக்ஸ் கார்டு வருது. அது வந்தா பழசு விலை இறங்கும்."

"அப்ப அடுத்த மாசம் வாங்கிடலாமா?"

"வாங்கலாம். ஆனா அதுக்கு அடுத்த மாசம் புது பிராசசர் வருதே! அவசரப்பட்டு இப்ப வாங்கினா வயித்தெரிச்சல்தான் மிச்சம்."

"நீங்க என்ன கம்ப்யூட்டர்ங்க வெச்சிருக்கீங்க?"

அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. "நான் இன்னும் வாங்கல. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கேன். ஒரு தடவைகூட ஏமாந்தது கிடையாது." அதற்காக அவருக்குச் சங்கம் ஒரு பதக்கம் கொடுத்திருந்தது, சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்.

இப்படியே சில சனிக்கிழமைகள் போயின. மாடியில் குடியிருக்கும் என் அக்கா சும்மா இருப்பாளா? "ஒரு பெட்டி வாங்கறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியாடா? உன் கல்யாணத்துக்கு இதுல கால்வாசி யோசிச்சிருந்தா இன்னைக்கு உன் பொண்ணு பக்கத்து ரூம்ல இருந்திருப்பா," என்றாள். அவளுக்கென்ன, வாய் இருக்கிறது, பேசுகிறாள். எனக்கு மட்டும் ஆசையா? ஒவ்வொரு ஞாயிறும் பழைய கப்பலில் ஏறி உட்காருவேன். மகள் பெயர் பக்கத்தில், அவள் வந்திருக்கிறாள் என்று காட்டும் பச்சை விளக்கு எரியாது. வெறும் கப்பலை நானே ஓட்டிக்கொண்டு போய் நானே சரக்கை இறக்கிவிட்டு வருவேன்.

சங்கத்தில் எனக்கென்று ஒரு பாகம்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பசைச் சண்டையில் இருந்தார்கள். பிராசசர் சூடாகுமாம். அந்தச் சூட்டை இழுக்க மேலே ஒரு ஃபேன். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பசை தடவ வேண்டும். அந்தப் பசையைப் புள்ளியாக வைப்பதா, கோடாக இழுப்பதா, பெருக்கல் குறியாகப் போடுவதா என்பதில் சங்கம் மூன்றாக உடைந்திருந்தது. மூன்று கட்சியும் மூன்று மூலையில் உட்கார்ந்தன. கோட்டுக் கட்சிக்குத் தலைமை பசைக்காரர் என்ற ஒருவர், பேசினால் கழுத்து நரம்பு புடைக்கும். சங்கத்துக்கென்று ஒரு மாதிரி இயந்திரம் மேஜையில் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் பிரித்து, போன வாரப் பசையைத் துடைத்து, இந்த வாரம் ஓட்டில் ஜெயித்த கட்சியின் முறைப்படி தடவி மூடுவார்கள்.

"புள்ளி வெச்சவன் வீட்டுல என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்!" என்று பசைக்காரர் ஒருநாள் மேஜையைத் தட்டினார்.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று புள்ளிக் கட்சியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எனக்குப் பொண்ணே கிடையாது. கொள்கையைச் சொல்றேன்!"

அன்றைக்குச் சமரசமாகப் போகட்டும் என்று கோட்டின் மேல் பெருக்கல் குறியும் அதன் நடுவில் புள்ளியும் வைத்து மூடினார்கள். பசை நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இயந்திரத்தை ஓட விட்டார்கள், திரையில் ஏதோ எண்கள் ஏறின, ஏதோ கோடுகள் ஓடின. "ஆகா!" என்றார்கள். இதுதான் சமயம் என்று நான் எழுந்தேன். மகள் சொன்ன கேமின் பெயரைச் சொல்லி, இதில் அது ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், இதே மாதிரி நான் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கேமா?" என்றார் தலைவர். "இதுலயா?"

"கேமிங் கம்ப்யூட்டர்தானேங்க?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். இவ்வளவு சுத்தமா கட்டின மெஷின்ல கேமை ஏத்தினா எல்லாம் அழுக்காயிடும். வேகத்துக்கு வர்ற மார்க் குறைஞ்சுடும்."

"அப்ப இதுல நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"வேகமா இருக்கான்னு பாப்போம்."

"பாத்துட்டு?"

"பிரிச்சிடுவோம்."

நான் சுற்றிலும் பார்த்தேன். இங்கே யாராவது எப்போதாவது கேம் விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பாதிப் பேர் சட்டைப் பையைத் தடவினார்கள். அடுத்தமாசம் மட்டும் கையைத் தூக்கி, போனில் சீட்டு ஆடுவேன் என்றார். சங்கத்தின் நடத்தை ஒழுங்குக் குழு என் கேள்வியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கியது.

அடுத்த வாரம் மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'அப்பா வாங்கிட்டீங்களா? இல்லன்னா பரவால்ல.'

அந்தப் 'பரவால்ல' என்னைக் கொன்றுவிட்டது. அவளுக்குப் பரவாயில்லையாம். இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவும் வராது. வெறும் "ம்" கூட வராது. ரெடிமேடோ, கட்டினதோ, நாசமாய்ப் போகட்டும், இன்றைக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கடைக்கே போனேன்.

டைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ரெடிமேடைக் காட்டுங்கள் என்றேன். அலமாரியிலிருந்து எடுக்கப் போனவர், எடுப்பதற்கு முன்னால் ஷட்டர் கம்பியை ஒரு கையால் பிடித்தார். கண்ணை மூடினார். சற்று நின்றார்.

"தலைவரே!" என்றேன்.

"யாரைச் சொல்றீங்க சார்?"

"கம்பியை விடுங்க தலைவரே. கரண்டு இறங்கிடுச்சு."

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்களில் இரண்டு ரகம் உண்டு. கத்துகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள். இவர் கெஞ்சுகிற ரகம். முதலாளி காதில் விழப்போகிறது என்று என் வாயைப் பொத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். கதவைத் திறந்ததும் நான் அசந்துபோனேன். நீள மேஜை. தேவை விசாரணைக் குழு மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து கேபினெட்டுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பசைக்காரர், எதிரில் புள்ளிக் கட்சிக்காரர், இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பசை டியூப். கட்டி முடித்த பெட்டிகள் மேல் அந்த 'பிரித்தால் உத்தரவாதம் செல்லாது' ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெடிமேடைக் கட்டறது நீங்களா?"

"யாராவது கட்டித்தானே ஆகணும்?" என்றார் தலைவர். "தானா முளைக்குமா? பகல்ல வயித்துக்கு, சாயங்காலம் கொள்கைக்கு. ரெண்டையும் நாங்க கலக்கறதே இல்ல."

பசைக்காரரிடம் திரும்பினேன். "ஏங்க, சங்கத்துல கழுத்து நரம்பு புடைக்கக் கத்துனீங்களே, இங்க எப்படித் தடவறீங்க?"

"இங்கயா? விரல்ல எடுத்து ஒரே இழுப்பு. முதலாளி நேரம் பாப்பாருங்க."

எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. "சரி, நல்லா கட்டத் தெரிஞ்சவங்களே கட்டறீங்க. அப்ப இந்த ரெடிமேட் நல்லாத்தானே இருக்கும்?"

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. டையைத் தளர்த்திக்கொண்டு, சனிக்கிழமைக் குரலில் பேச ஆரம்பித்தார். "எப்படிங்க நல்லா இருக்கும்? நாங்க விட்டுடுவமா? எல்லாத்தையும் ஒழுங்காப் போடுவோம், பவர் சப்ளை மட்டும் இருக்கறதிலேயே மட்டம். முதலாளிக்கு லாபம், எங்களுக்கு மனசாட்சி. ரெடிமேடை நாங்களே நல்லா கட்டிட்டா அப்புறம் சங்கம் எதுக்குங்க?"

"அப்ப இதை வாங்கறவன் கதி?"

"கொஞ்ச நாள்ல கெட்டுப் போகும். வெறுத்துப் போய் சங்கத்துக்கு வருவான். பாதி உறுப்பினர் அப்படி வந்தவங்கதான். சங்கத்துல நாங்க பேசறதைக் கேட்டுத் தலை சுத்திப் போனவங்க, இங்க வந்து ரெடிமேட் வாங்கிட்டுப் போவாங்க. ரெண்டு பக்கமும் ஆள் குறைஞ்சதே இல்ல. நீங்களே பாருங்க, இங்கேர்ந்து அங்க வந்தீங்க, அங்கேர்ந்து இங்க வந்துட்டீங்க."

சொல்லிவிட்டுப் பெருமையோடு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி ஒரு வட்டத்தில் ஓட்டியதில்லை. ரத்தம் கொதித்தது. ஆனால் கத்தி என்ன பிரயோஜனம்? எனக்கு வேண்டியது ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். இந்தக் கும்பல் வேறு வழியில்லாமல் ஒழுங்காகக் கட்டின கம்ப்யூட்டர் எதுவாக இருக்கும் என்று யோசித்தேன்.

"வாசல்ல கண்ணாடிப் பெட்டியில ஒண்ணு ஓடுதே, அதுலயும் மட்டமான பவர் சப்ளையா?"

மேஜையில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"அது ஷோவுக்குங்க," என்றார் தலைவர் மெல்ல. "கடை வாசல்ல நின்னு போனா முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரு. அதை நானே என் கையால கட்டினேன். பவர் சப்ளையெல்லாம் முதல் தரம். கடை திறந்து மூடற வரைக்கும் ஓடும், இது வரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்ல."

"அதுல ஓடற கேம் பேரு என்ன?"

சொன்னார். மகள் சொன்ன அதே பெயர்.

"அதைக் குடுங்க."

"ஐயோ, அதை விக்க முடியாதுங்க! அது ரெடிமேடும் இல்ல, சொந்தமா கட்டினதும் இல்ல. அதுக்கு விதியே கிடையாது. சங்கத்துல கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?"

"சங்கமே இங்கதானே உக்காந்திருக்கு, கேளுங்க."

யாரும் நிமிரவில்லை. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ரெடிமேடைப் பற்றித் தலைவர் என்ன பேசுகிறார் என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாங்க! அவர் என்னை வெறும் சேல்ஸ்மேன்னு நம்பிட்டிருக்காரு!"

அந்த இடத்தில் வேறொன்றைக் கட்டி வைப்பதாக முடிவு செய்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து, பவர் சப்ளையில் கம்பெனி பெயரைப் படித்து, கண்டக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, நிறுத்தி மறுபடி ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் ரெடிமேட் விலையை எண்ணிக் கொடுத்தேன். வெளியே எடுக்கும்போது தலைவர் அழுதேவிட்டார். ஓரமாக வந்து, "தூசி மட்டும் அப்பப்ப தட்டி விடுங்க," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

சங்கம் என்னை நீக்கிவிட்டது. வகைப்படுத்த முடியாத கம்ப்யூட்டரைக் கைவசம் வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. அது ரெடிமேடா கட்டினதா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். அடுத்த மாதம் சொல்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் பெயர் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பா! வாங்கிட்டீங்களா? நெஜமாவா?"

அந்தக் குரலைத் தராசில் போட்டுப் பார்த்தேன். சந்தோஷமா, திடுக்கிடலா, பிடிபடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்டுவிடுவது என்று கேட்டேன்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஓடாதுன்னு சொன்னியே, நெஜமாவே ஓடாதுன்னுதான் சொன்னியா? இல்ல, அப்பா வேண்டாம்னு சொன்னியா?"

அவள் சொன்னாள்.

"ஓடாதுதாம்பா. ஆனா… அந்தக் கப்பல் ரொம்ப மெதுவாப் போகும்ல. போற வழியெல்லாம் கேட்டுட்டே வருவீங்க. அம்மா எங்க போனா, எப்ப வந்தா, வீட்டுக்கு யார் வந்தாங்க, நீ எங்க போன, கூட யாரு. நான் சொன்னா நெஜமாவான்னு திரும்பக் கேப்பீங்க. எனக்கு வயித்த வலிக்கும்பா. இந்த கேம்ல ஓடிட்டே இருக்கணும். யாரும் எதையும் கேக்க முடியாது. அதான் இதுக்கு மாறினேன்."

யார் உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், உன் அம்மாவா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பா, குனிங்க! குனிங்க!"

குனிவதற்கு எந்த பட்டன் என்று தேடுவதற்குள் செத்துப்போனேன். மறுபடி எழுந்தேன். யாரோ துரத்தினார்கள், ஓடினேன், ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் உதைத்தேன், மறுபடி செத்தேன். மகள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது! மூச்சு வாங்கியது, வேர்த்தது, எதிரில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கே கண் போதவில்லை. வாயைத் திறக்க நேரமில்லை. இருவரும் ஒரு இடிந்த கட்டடத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தோம்.

"அப்பா," என்றாள் ஓடிக்கொண்டே. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "நான் கணக்குல ஃபெயில்ப்பா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

எவ்வளவு மார்க், எப்போது நடந்தது, ஏன் மறைத்தாய், வேறு என்னவெல்லாம் மறைக்கிறாய், எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்க வாயைத் திறந்தேன்.

"இடது பக்கம்ப்பா! இடது பக்கம்!"

நான் இடது பக்கம் திரும்பி ஓடினேன்.